லிம்போமா வகைப்படுத்தல்: பழைய ஸ்லைட்களோடு ஏன் மினக்கெட வேண்டும்?

ஒக்டோபர் 4 – வாசகர் கேள்வி

பத்தோலொஜி (நோயியல்) பயிற்சியில் இருக்கிறேன். லிம்போமா, அதாவது நிணநீர்க் கலப் புற்றுநோய், கேஸ் பயிற்சி என்று சனிக்கிழமை முழுவதும் பழைய ஸ்லைட் பெட்டிகளோடு கழிகிறது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் வகைப்படுத்தல் நூலின் ஐந்தாம் பதிப்பு கையில் இருக்கிறது, இம்யூனோ (அன்டிபொடியால் கலங்களுக்கு நிறமூட்டும் சோதனை) இருக்கிறது. பானலை (அன்டிபொடித் தொகுப்பை) போட்டு அட்டவணையோடு ஒப்பிட்டால் பெயர் வந்துவிடும். பத்து வருடத்துக்கு முந்தைய ஸ்லைட்டை எச் அன்ட் ஈ என்ற சாதாரண நிறமூட்டலில் மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் கதைப்பது நேர விரயம் என்பது என் கருத்து. யாராவது மறுக்க முடியுமா?

ஒக்டோபர் 4, இரவு 10.20

மறுக்கிறேன். நான் பத்தோலொஜிஸ்ட், இந்த மாதிரிப் பயிற்சி நடத்துகிறேன். எந்தப் பானல் என்பதை எதை வைத்து முடிவு செய்வீர்கள்? எச் அன்ட் ஈயை வைத்துத்தான். இருபது அன்டிபொடியைப் போட்டுவிட்டு எது நிறம் பிடித்தது என்று தேடினால் முதலில் பிளொக் (மெழுகில் பதித்த இழையம்) தீரும். கழுத்திலிருந்து ஊசியால் எடுத்த கோர் பயொப்சி நூல் மாதிரி இருக்கும். ஒவ்வொரு முறை மைக்ரோடோமில் (மெல்லிய சீவலாக வெட்டும் கருவியில்) ஏற்றி மட்டம் பண்ணும்போதும் அது கரைகிறது. பிறகு அவசியமான ஒரு அன்டிபொடிக்கு இழையம் இருக்காது.

அடுத்தது, நிறம் பிடித்ததையெல்லாம் நோய் என்று எடுத்துக்கொள்வோம். ஒரு கேஸ் சொல்கிறேன். பதினாறு வயதுப் பெடியன், ஒரு பக்க ரொன்சில் பெரிதாக வீங்கியிருந்தது. ஸ்லைட்டில் பெரிய கலங்கள், சில இரட்டைக் கருவோடு, கருவுக்குள் பெரிய கருப்புள்ளி (நியூக்ளியோலஸ்). சிடி30 என்ற புரதத்துக்கான அன்டிபொடி பளிச்சென்று பிடித்தது. பயிற்சிக்கு வந்த நால்வரில் மூவர் ஹொட்ஜ்கின் என்ற லிம்போமா வகையை எழுதினார்கள். அது எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்று. தொற்றில் தூண்டப்பட்ட பெரிய நிணநீர்க் கலங்களான இம்யூனோபிளாஸ்டுகளும் சிடி30 காட்டும். குறைந்த உருப்பெருக்கத்தில் பார்த்திருந்தால் ரொன்சிலின் கட்டமைப்பு அங்கங்கே அப்படியே நிற்பதும், சிறிய கலத்திலிருந்து பெரிய கலம் வரை எல்லா அளவும் கலந்து கிடப்பதும் தெரிந்திருக்கும். அந்த மூவரும் 40 மடங்கு லென்சுக்குத் தாவியவர்கள். நான்காவது பிள்ளை மட்டும் 4 மடங்கு லென்சில் ஐந்து நிமிடம் நின்றார்.

ஒக்டோபர் 5, காலை

நேற்று எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். சிடி30 பயனற்றது என்று நான் சொன்ன மாதிரி இருக்கிறது. அப்படி இல்லை. கிளாசிக் ஹொட்ஜ்கினில் அது கட்டாயம் வேண்டும். கூடவே மற்றக் கலப் புரதங்களும்: சிடி15, மங்கலாகப் பிடிக்கும் பாக்ஸ்5, பிடிக்காத சிடி45, பெரும்பாலும் பிடிக்காத சிடி20 எல்லாம் சேர்ந்துதான் கதை சொல்லும். அந்தப் பெடியனின் பெரிய கலங்களில் சிடி20உம் பாக்ஸ்5உம் வலுவாக இருந்தன, சிடி15 இல்லை. கலத்துக்குள் எப்ஸ்டீன்-பாரைத் தேடும் ஈபர் சோதனை வைரஸைக் காட்டியது. ஆனால் ஈபர் மட்டும் முடிவு சொல்லாது, ஹொட்ஜ்கினிலும் அது பொசிட்டிவ் ஆகலாம்.

ஒக்டோபர் 5, இரவு 11.40

இதை எழுதுவதா வேண்டாமா என்று நேற்றிரவிலிருந்து யோசித்தேன். எழுதுகிறேன்.

கன வருடத்துக்கு முன் நான் வேலை செய்த ஒரு வைத்தியசாலைக்கு இருபதுகளில் ஒரு பெண்ணின் கோர் பயொப்சி வந்தது. கழுத்தில் நெறி (வீங்கிய நிணநீர்க் கணு), மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை, மெலிவு. படிவத்தில் ‘கசமா?’ (காசநோயா) என்ற ஒரே சொல். ஸ்லைட்டில் கிரனுலோமா (அழற்சிக் கலங்களின் சிறு திரட்சி) வடிவாக இருந்தது. எங்கள் ஊரில் கழுத்து நெறியில் கிரனுலோமா என்றால் மனம் எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியும். கசத்துக்குப் பொருந்துகிறது என்று என் கையெழுத்தோடு ரிப்போட் போனது. மருந்து தொடங்கினார்கள். மூன்று மாதத்தில் நெறி இரட்டித்தது, நெஞ்சுக்குள்ளும் வந்தது. முழுக் கணுவையும் எடுத்துப் பார்த்தபோது கொலாஜன் பட்டைகள், அவற்றுக்கிடையே ஹொட்ஜ்கினின் அடையாளமான ரீட்-ஸ்டேர்ன்பேர்க் கலங்கள். நொடியுலர் ஸ்கிளரோசிஸ் வகை ஹொட்ஜ்கின். ஹொட்ஜ்கினில் கிரனுலோமா வரும் என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. பரீட்சையில் எழுதியிருக்கிறேன்.

அன்று பின்னேரம் பழைய கோர் ஸ்லைட்டைத் திரும்ப எடுத்தேன். துண்டின் ஓரத்தில், நசுங்கிய பகுதிக்குப் பக்கத்தில், ஒற்றைக் கருவோடு ஒரு பெரிய கலம். கருப்புள்ளி செக்கச் சிவந்து, சுற்றி வெளிறிய வளையம். சுற்றிலும் இயோசினோபில்கள் (ஒரு வகை வெண்குருதிக் கலங்கள்). கசத்தில் இவ்வளவு இயோசினோபில் ஏன் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, ஏனென்றால் படிவத்தைத்தான் முதலில் வாசித்தேன்.

அவர் சிகிச்சை முடித்து நலமாக இருக்கிறார். அந்த மூன்று மாதம் அவருடையது, என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது. அந்த ஸ்லைட் என் பயிற்சிப் பெட்டியில் முதலாவதாக இருக்கிறது. யார் வந்தாலும் அதில்தான் தொடங்குகிறேன். ‘கசமா?’ என்ற அதே படிவத்தோடுதான் கொடுக்கிறேன்.

ஒக்டோபர் 7

பயிற்சி எப்படி நடக்கிறது என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். பெரிய ஏற்பாடு எதுவும் இல்லை. எச் அன்ட் ஈ ஸ்லைட், வந்த படிவம், ஒரு வெள்ளைத் துண்டு. துண்டில் மூன்று விஷயம் எழுத வேண்டும்: என்ன நினைக்கிறீர்கள், எவ்வளவு உறுதி, அடுத்து எந்த மூன்று அன்டிபொடி வேண்டும். எழுதி மடித்து வைத்த பிறகுதான் இம்யூனோ தட்டு திறக்கும். கேட்ட மூன்றை மட்டும் கொடுப்பேன். நான்காவது வேண்டுமென்றால் ஏன் என்று சொல்ல வேண்டும்.

எழுதி வைப்பதுதான் இதில் உயிர். எழுதாவிட்டால், பதில் தெரிந்த பிறகு ‘நானும் அதைத்தான் நினைத்தேன்’ என்று நமது மனம் நம்மையே நம்ப வைத்துவிடும். எனக்கும் அது நடந்திருக்கிறது.

ஒக்டோபர் 8

‘ஃபோனில் படம் எடுத்து வட்ஸ்அப் குழுவில் போட்டால் போதாதா, ஏன் பஸ் ஏறி வர வேண்டும்’ என்று கேட்ட தங்கச்சிக்கு: அவசரத்துக்கு நல்லது, நானும் அனுப்புகிறேன். ஆனால் படம் எடுத்தவர் எந்த இடத்தைக் காட்டுவது என்று ஏற்கனவே முடிவு செய்துவிட்டார். அந்தக் கோர் துண்டை அன்று நான் படம் எடுத்து அனுப்பியிருந்தால் கிரனுலோமாவைத்தான் எடுத்திருப்பேன். ஓரத்தில் இருந்த கலம் படத்தில் இருந்திருக்காது, பார்த்த பத்துப் பேரும் ‘கசம்’ என்று என்னோடு உடன்பட்டிருப்பார்கள். முழு ஸ்லைட்டையும் ஸ்கேன் பண்ணி அனுப்பினால் அது வேறு கதை. அதில் தேடுகிற உரிமை பார்ப்பவரிடம் இருக்கிறது.

ஒக்டோபர் 11

மழை தொடங்கிவிட்டது. இன்று வேறு விஷயம்: போத்தல்.

லிம்போமா பயிற்சியில் பாதி, இழையத்தைப் பதப்படுத்தும் போமலின் போத்தலில் நடக்க வேண்டும். முழுக் கணுவை வெட்டாமல் அப்படியே போத்தலில் போட்டு, போமலின் கணுவை மூடினால் போதும் என்று ஊற்றி அனுப்புகிறார்கள். போமலின் இழையத்துக்குள் மணிக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் நுழையும், அதுவும் தொடக்கத்தில். கணுவைச் சுற்றி உறை இருந்தால் இன்னும் மந்தம். வெளியே சாம்பல் நிறத்தில் இறுகியிருக்கும், நடுவில் வெட்டினால் பச்சை இறைச்சி மாதிரிச் சிவந்து வழுக்கும். அந்த நடுப்பகுதியில் கரு வீங்கி, மங்கி, இம்யூனோ பிடிக்காமல் போகும். ஓரத்தில் சிடி20 பிடித்து நடுவில் பிடிக்காத ஸ்லைட்டைப் பார்த்து ‘இரண்டு வகைக் கலங்கள்’ என்று ஒருவர் எழுதினார். இரண்டு வகையும் இல்லை, போமலின் போய்ச் சேரவில்லை.

சத்திரசிகிச்சைக் கூடத்திலிருந்து கணு ஈரமாகவே, உடனே எங்களிடம் வர வேண்டும். வந்ததும் 2 முதல் 3 மில்லிமீட்டர் தடிப்பில் வெட்டி, வெட்டிய முகத்தை ஸ்லைட்டில் மெல்லத் தொட்டு அச்சு எடுத்து, பிறகு இழையத்தைப் போல் பத்து மடங்குக்குக் குறையாத போமலினில் போட வேண்டும். தொட்டெடுத்த அச்சுக்கு ஒரு சதம் செலவில்லை. பிளொக் வர இரண்டு நாள் இருக்கும்போதே அதில் கலத்தின் முகத்தைப் பார்த்துவிடலாம்.

பயிற்சியில் மோசமான பிளொக்குகளும் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் முடிவு. புத்தகப் படங்கள் எல்லாம் 3 மைக்ரோனில் வெட்டிய, நன்றாக இறுகிய கணுக்கள். நம் மேசைக்கு வருவது அப்படி இல்லை.

ஒக்டோபர் 12

நேற்றைய கடைசிப் பந்தியை மாற்றுகிறேன். ஒரு மூத்த எம்.எல்.டி. (ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்) அக்கா கூப்பிட்டுச் சொன்னார்: ‘நல்ல ஸ்லைட் எப்படி இருக்கும் என்று தெரியாத பிள்ளைக்குக் கெட்ட ஸ்லைட்டைக் கொடுத்தால் அதுதான் வழக்கம் என்று பழகிவிடும்.’ அவர் சொல்வது சரி. முதல் ஆறு கேஸ் நல்ல பிளொக்கில் இருக்கட்டும். ஏழாவதிலிருந்து கலப்போம்.

ஒக்டோபர் 15

முதலில் கேட்ட தம்பி திரும்ப எழுதியிருக்கிறார்: ‘சிறிய கல லிம்போமாக்களில் பானல்தானே எல்லாம்? எச் அன்ட் ஈயில் எல்லாம் நீலமாக ஒரே மாதிரி.’ பாதி சரி. நிணநீர்க் கலங்களில் பி, டி என்று இரண்டு பெரிய வகை உண்டு; சிறிய பி கலங்களில் நாம் அன்டிபொடியை நம்பித்தான் இருக்கிறோம். ஆனால் பானலைப் படிப்பதும் கண்ணால் செய்கிற வேலைதான்.

எழுபது வயது கடந்த ஒரு தோட்டக்காரர். வெங்காயம், புகையிலை என்று வாழ்நாள் முழுதும் மண்ணில் நின்ற மனிதர். கவட்டில் நெறி. சிறிய கலங்கள், சிடி20 பொசிட்டிவ், சிடி5 பொசிட்டிவ். அவரை எஸ்.எல்.எல். (சிறிய லிம்போசைட் லிம்போமா) என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். அந்தக் காலத்தில் அங்கே சைக்ளின் டி1 அன்டிபொடி தீர்ந்திருந்தது. பிறகு போட்டபோது கருக்கள் எல்லாம் பழுப்பாக எழுந்தன. மென்டில் கல லிம்போமா. நிறமூர்த்தம் 11க்கும் 14க்கும் இடையே துண்டுகள் இடம் மாறியதால் வருவது. சிகிச்சையும் வேறு, நோயின் போக்கும் வேறு.

இதில் பயிற்சிக்கு வேண்டிய நுணுக்கம் இரண்டு. சிடி5ஐ டி கலங்களும் காட்டும், அதுவும் கடுமையாக. பி கலங்களில் அதை விட மங்கலாகத்தான் இருக்கும். ஒரே ஸ்லைட்டில் கடும் நிறப் புள்ளிகள் தெறித்த மாதிரியும், அவற்றுக்கிடையே மங்கலான விரிப்பு மாதிரியும் இரண்டு அடுக்குத் தெரிந்தால்தான் பி கலம் சிடி5 காட்டுகிறது. கடும் புள்ளிகள் மட்டும் என்றால் அது வழமையான டி கலம். அடுத்து, சைக்ளின் டி1 நெகட்டிவ் என்று எழுதும் முன் இரத்தக் குழாயின் உட்சுவர்க் கலங்களைப் பாருங்கள். அங்கே கலக் கருவில் நிறம் பிடித்திருக்க வேண்டும். அங்கும் இல்லையென்றால் ஸ்லைட் ஒன்றும் சொல்லவில்லை, திரும்பப் போடுங்கள். மின்சாரம் போய்க் குளிர்சாதனப்பெட்டி சூடான கிழமைகளில் இதை நான் கண்டிருக்கிறேன்.

ஒக்டோபர் 16

அதே மாதிரி பிசிஎல்2 என்ற புரதம். கணுவுக்குள் பி கலங்கள் உருண்டையாகத் திரண்ட இடம் புடைப்பு (ஃபொலிகிள்), தூண்டப்பட்ட புடைப்பின் நடுப்பகுதி முளைமையம். ‘புடைப்புக்குள் பிசிஎல்2 பொசிட்டிவ், ஆகவே ஃபொலிகியூலர் லிம்போமா’ என்று கண்ணை மூடி எழுதுகிறார்கள். முதலில் அது முளைமையம்தானா என்று சிடி10, பிசிஎல்6 வைத்து உறுதி செய்யுங்கள். முளைமையம் இல்லாத முதல்நிலைப் புடைப்பு இயல்பாகவே பிசிஎல்2 காட்டும். முளைமையத்துக்குள் புகுந்த டி கலங்களும் காட்டும். இன்னொன்று, ஃபொலிகியூலர் லிம்போமாவாக இருந்தும் பிசிஎல்2 பிடிக்காமல் போகலாம். புரதத்தில் ஏற்பட்ட பிறழ்வால் 124 என்ற குளோன் (அன்டிபொடியின் ஒரு வகை) ஒட்டாது. ஈ17 போட்டால் சிலவற்றில் பிடிக்கும். எந்தக் குளோன் என்று உங்கள் ஆய்வுகூடத்தில் கேட்டிருக்கிறீர்களா? நான் பல வருடம் கேட்கவில்லை.

ஒக்டோபர் 19

‘பழைய ஸ்லைட்’ என்ற சொல்லுக்குத் திரும்புகிறேன். அதில் ஒரு இளப்பம் தெரிகிறது.

தோமஸ் ஹொட்ஜ்கின் 1832இல் லண்டனில் 7 பேரைப் பற்றி எழுதினார், நுணுக்குக்காட்டி இல்லாமல், கண்ணால் பார்த்து. நோய்க்கு அவர் பெயரை 1865இல் வைத்தவர் சாமுவேல் வில்க்ஸ். ஹொட்ஜ்கின் காலத்து இழையங்கள் லண்டன் கைஸ் வைத்தியசாலையின் காட்சியகத்தில் இருந்தன. 1926இல் ஹேர்பேட் ஃபொக்ஸ் என்ற பத்தோலொஜிஸ்ட் அவற்றிலிருந்து வெட்டிப் பார்த்தார். சிலவற்றில் ஹொட்ஜ்கின் நோய் இருந்தது, எல்லாவற்றிலும் இல்லை. தொண்ணூறு வருடத்துக்குப் பிறகும் இழையம் பதில் சொன்னது, யாரோ அதைத் தூக்கி எறியாததால்.

பெயர்ப் பட்டியலோ நிற்பதே இல்லை. ராப்பபோர்ட், பிறகு 1974இல் கீல், 1982இல் வேர்க்கிங் ஃபோர்மியூலேஷன், 1994இல் ரியல், 2001இலிருந்து உலக சுகாதார ஸ்தாபனத்தின் பதிப்புகள். அந்தத் தோட்டக்காரரின் நோய்க்கு ‘மென்டில் கல’ என்ற பெயர் நிலைத்ததே 1992இல்தான். இப்போது 2022இலிருந்து ஐந்தாம் பதிப்பும் ஐசிசி என்ற இன்னொரு சர்வதேச வகைப்படுத்தலும் அருகருகே நிற்கின்றன. லிம்போசைட் மிகுந்த நொடியுலர் ஹொட்ஜ்கின் என்று ஐந்தாம் பதிப்பு சொல்வதை ஐசிசி பி கல லிம்போமா என்கிறது. ஃபொலிகியூலரில் தரம் போடுவதை ஐந்தாம் பதிப்பு கட்டாயமில்லை என்கிறது, ஐசிசி தொடரச் சொல்கிறது. எங்கள் பயிற்சியில் இரண்டு பெயரையும் ரிப்போட்டில் எழுதச் சொல்கிறேன். தெல்லிப்பளைப் புற்றுநோய் வைத்தியசாலையில் பார்க்கிற வைத்தியரும் மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலையில் பார்க்கிற வைத்தியரும் ஒரே நோயைத்தான் கதைக்கிறோம் என்று தெரிய வேண்டும்.

ஒக்டோபர் 22

தமிழில் ஏன் இவ்வளவு எழுதுகிறீர்கள், துறைச் சொற்கள் ஆங்கிலம்தானே என்று ஒருவர். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 19ஆம் நூற்றாண்டில் மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார், பாடநூல்களைத் தமிழாக்கினார். இந்த மண்ணில் அது புதுச் சங்கதி இல்லை. ரிப்போட் ஆங்கிலத்தில்தான் போகும். ஆனால் ஒரு பிள்ளை தான் கண்டதை முதலில் தன் சொல்லில் சொல்லட்டும். ‘பிறை மாதிரிக் கரு, பக்கத்தில் தூள் தூளாகக் கரிய துகள், ஒரு நியூட்ரோஃபில் கூட இல்லை’ என்று போன மாதம் ஒருவர் சொன்னார். கிக்குச்சி நோயின் விவரணை இதை விட என்ன வேண்டும்? ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் அதே பிள்ளை ‘ஹை கிரேட் லிம்போமா சாத்தியம்’ என்று மனப்பாடச் சொல்லை எழுதியிருப்பார். இளம் பெண்ணின் கழுத்துக் கணு, அது பெரும்பாலும் சில மாதத்தில் தானாக ஆறிப் போகிற ஒன்று.

ஒக்டோபர் 26

நேரம் பற்றி. ஒரு மணித்தியாலம் கதைப்பது விரயம் என்றீர்கள். உண்மையில் அவசரமான கேஸ்களும் உண்டு, அவற்றில் கதைக்கக் கூடாது. எட்டு வயதுப் பிள்ளை, வயிற்றில் கட்டி, நடுத்தர அளவுக் கலங்கள் ஒரே சீராக, இடையிடையே வெளிறிய மக்ரோபேஜ்கள் விண்மீன் போல. பேர்கிட் லிம்போமா ஏறக்குறைய ஒரு நாளில் இரட்டிக்கக்கூடியது. அன்றே தொலைபேசியில் சொல்ல வேண்டும். எழுதி வைப்பது பிறகு.

ஆனால் விண்மீன் வானம் பேர்கிட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. முதிராத கலங்களின் லிம்போபிளாஸ்டிக் லிம்போமா கூட அப்படித் தோன்றலாம், சிடி10உம் காட்டலாம். அதைப் பிரித்துக் காட்டும் டிடிடி அன்டிபொடியைப் போடாமல் விட்டால் சிகிச்சையே வேறு பாதையில் போய்விடும். துண்டில் எழுதச் சொல்கிற ‘அடுத்த மூன்று’ பழக்கம் இந்த நிமிடத்துக்குத்தான். அப்போது யோசிக்க நேரம் இருக்காது, கை தானாக டிடிடி என்று எழுத வேண்டும்.

நவம்பர் 2

நேற்று ஒரு தகப்பன் மகளின் பிளொக்குகளை வாங்க வந்தார். இரண்டாம் கருத்துக்குக் கொழும்புக்குக் கொண்டுபோக. நான்கு பிளொக். மெழுகு உருகிவிடுமோ என்று பயந்து, சாப்பாட்டுப் பெட்டிக்குள் பஞ்சு வைத்து, அதற்குள் அடுக்கினார். இரவு பஸ். மேலே தட்டில் வைக்க மாட்டேன், மடியில் வைத்துக்கொள்வேன் என்றார். கையெழுத்துப் போட்டு வாங்கும்போது, ‘இதுக்குள்ளதானே டொக்டர் எல்லாம் இருக்கு’ என்று கேட்டார்.

ஓம் என்றேன். நான்கில் இரண்டில் இன்னும் போதிய இழையம் இருந்தது. எங்கள் பிள்ளைகள் மூன்று அன்டிபொடியோடு நிறுத்தியதால்.

நவம்பர் 9

முதலில் கேள்வி கேட்ட தம்பி தன் கேஸ் ஒன்றை எழுதியிருக்கிறார். அறுபது தாண்டிய ஆண், உடலெங்கும் கணு, தோலில் தடிப்பு, காய்ச்சல். பெரிய கலங்கள் சிடி20உம் சிடி30உம் காட்டுகின்றன, ஈபர் பொசிட்டிவ். ‘எப்ஸ்டீன்-பார் உள்ள பெரிய பி கல லிம்போமா என்று எழுதினேன். ஆனால் உங்கள் ரொன்சில் கேஸை வாசித்த பிறகு 4 மடங்கு லென்சில் திரும்பப் பார்த்தேன், கிளைவிட்ட இரத்தக் குழாய்கள் நிறைய இருக்கின்றன. ரிப்போட்டை நிறுத்தி வைத்திருக்கிறேன்.’

நிறுத்தியது நல்ல வேலை. அந்தக் குழாய்களைச் சுற்றி வெளிறிய சைட்டோபிளாசத்தோடு நடுத்தரக் கலங்கள் கூட்டமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். நோய் அந்த டி கலங்களில் இருக்கலாம், பெரிய பி கலங்கள் கூட வந்தவையாக இருக்கலாம். அஞ்சியோஇம்யூனோபிளாஸ்டிக் வகை டி கல லிம்போமாவை ஒதுக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். சிடி21 போடுங்கள், அந்த வகை என்றால் புடைப்பின் தாங்கு கலங்களின் வலை புடைப்புக்கு வெளியே குழாய்களைச் சுற்றி விரிந்திருக்கும். சிடி3 போடுங்கள், கூட பிடி1. பிடி1 கிடைக்காவிட்டால் டி கலங்களில் சிடி10, பிசிஎல்6 இருக்கிறதா என்று தேடுங்கள். வேறு ஒன்றும் இப்போது வெட்ட வேண்டாம்.

சனிக்கிழமை எச் அன்ட் ஈயை மட்டும் கொண்டு வாருங்கள், இம்யூனோ தட்டை என்னிடம் முன்னமே அனுப்பிவிடுங்கள். நானும் துண்டில் எழுதித்தான் திறப்பேன்.